ஈதன் எந்தக் குழுவிலும் இல்லை

பெங்களூரு
3 ஜூன் 2025

அன்புள்ள ஜெபர்சன்,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். ஆகவே காகிதம். கிழித்துத்தான் போடுவாய் என்றாலும், கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்று ஒரு நப்பாசை.

எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் உன்னைக் கூப்பிட்டு, "ஈதனை அடுத்த ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வர வேண்டாம் சார், உங்க பையன் இப்போ அந்தக் குரூப்ல இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். அவள் புதிதாக வேலைக்கு வந்தவள். ஈதன் என் தம்பி பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. அவள் மேல் கோபப்படாதே.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளின் மூளையில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவே தொடர்புகள் எப்படி வளர்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அந்த வளர்ச்சியின் வேகமும் போக்கும் வேறாக இருப்பதாகத் தெரிகிறது. வேறு என்று சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பிள்ளைகளும் வேண்டும். அந்த ஒப்பீட்டுக் குழுவுக்குத்தான் ஈதனைக் கேட்டேன். நீயும் ரோஸியும் சந்தோஷமாகச் சம்மதித்தீர்கள். பிறகு அவனுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, விளையாட வைத்துப் பார்க்கும் பரிசோதனையில் சில விஷயங்கள் கவனத்துக்கு வந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை ஒப்பீட்டுக் குழுவில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதனால் எடுத்தோம்.

ஸ்கேனில் ஏதோ கோளாறு தெரிந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு தனிப் பிள்ளையின் ஸ்கேனை வைத்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. நிறையப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் சராசரியில் ஒரு வித்தியாசம் தெரியும். உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள். காஞ்சிபுரத்தில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது. உடனே கூட்டிப் போ. இந்த வயதில் சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் ஒட்டும். தள்ளிப் போடாதே.

உன் அக்கா,
ஷாலின்


வல்லக்கோட்டை
11 ஜூன் 2025

அக்கா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. "அதனால் எடுத்தோம்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எடுத்தோமாம்! கூட யார் யார் அக்கா? உங்கள் ஆபீஸ் வாட்ச்மேனும் சேர்ந்து எடுத்தானா?

போனில் பேச மாட்டேன். நீ அழுவாய். நீ அழுதால் எனக்குக் கோபம் போய்விடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தக் கோபம் போகக் கூடாது. அதனால் எழுது.

நீ மறந்திருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன என்று நான் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "உங்க கம்பெனில மாஸ்டர் பீஸ் வெச்சிருப்பீங்கல்ல, அதுமாதிரிடா" என்றாய். எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரூமில் அது எண்ணெய் பூசி, தனிப் பெட்டியில் இருக்கும். லைனில் வருகிற பீஸ் சரியா தப்பா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். என் பிள்ளை அந்த மாதிரி என்று நீதான் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறினதிலிருந்து ஒரகடத்தில் இறங்குகிற வரை அதே பேச்சு. லைனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். எங்கள் சூப்பர்வைசர் நாகப்பன் சார் இன்றைக்கு வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இன்னா மாஸ்டர் பீஸு அப்பா, ஓவர்டைம் பாக்கறியா?" என்றுதான் கேட்கிறார். லைனில் என் பக்கத்தில் வேலை பார்க்கிற லோகேஷுக்குப் பெண் குழந்தை பிறந்ததும், "உங்க அக்காகிட்ட சொல்லி என் பொண்ணையும் சேத்துக்கச் சொல்லுப்பா" என்று கெஞ்சுகிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்றும் கேள். ஒரு பீஸ் தேறவில்லை என்றால் சிவப்புப் பெட்டியில் போடுவோம். சும்மா போட மாட்டோம். என்ன குறை, யார் பார்த்தது என்று எழுதி டேக் கட்டித்தான் போடுவோம். இரும்புத் துண்டுக்கே அந்த மரியாதை உண்டு. நீ என் பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டு டேக் கூடக் கட்டவில்லையே. சீ, என் பிள்ளையைப் போய் எதோடு சேர்த்து எழுதுகிறேன் பார். இப்படியெல்லாம் எழுத வைத்துவிட்டாய்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உனக்கு எப்போது தெரியும்? போன வருஷ மழைக்கு முன்னாலா, பின்னாலா?

காஞ்சிபுரத்துக்கெல்லாம் கூட்டிப் போக மாட்டேன். அந்த பஸ்ஸில் எங்கள் ஆட்கள் யாராவது வருவார்கள். "எங்க போற, எதுக்குப் போற" என்று நோண்டுவார்கள். ரோஸியிடம் ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனிமேல் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல். இந்த உதவியாவது செய்.

ஜெபர்சன்


பெங்களூரு
20 ஜூன் 2025

தம்பி,

மழைக்கு முன்னால்.

தீபாவளி முடிந்த வாரம். எங்கள் குழுவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடிப் பார்க்கிறவள் நிலா. அவள்தான் ஈதனைப் பார்த்தாள். ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "வழக்கம் போல ஃபேமிலிக்கு நான் சொல்லிடட்டுமா மேடம்?" என்று கேட்டாள். "வேண்டாம், என் தம்பி வீடு. நானே சொல்லிக்கிறேன்" என்றேன். இது நான் செய்த வேலை, ஜெபு. வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நிலா மறு வாரமே பெற்றோரை உட்கார வைத்துப் பேசியிருப்பாள். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பாள். என் தம்பி பிள்ளையாகப் போனதால் அவனுக்கு அது கிடைக்கவில்லை. "எடுத்தோம்" இல்லை. நான்தான் எடுத்தேன். எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். கிறிஸ்துமஸுக்கு வந்தேனே, அதைச் சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸிலேயே வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்து இழுத்துப்போய், சபையில் இருந்த எல்லாரிடமும், "எங்க அக்கா, மூளை டாக்டரு. என் பையன் மூளைய வெச்சித்தான் ஆராய்ச்சியே பண்றாங்க" என்று சொன்னாய். பாஸ்டர் ஈதன் தலையில் கை வைத்து ஜெபித்தார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நான் என்ன செய்தேன் என்று கவனித்தாயா? சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வெங்காயம் உரித்தேன், பாத்திரம் தேய்த்தேன். "டாக்டர் அத்தை இன்னா பாத்திரம் தேய்க்கிறாங்க" என்று நீகூடக் கிண்டல் செய்தாய். ஈதன் இருந்த அறைக்குள் நான் போகவே இல்லை. அவன் பொம்மையைக்கூட வாசற்படியில் நின்றபடி ரோஸி கையில்தான் கொடுத்தேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். தெரிந்தால் சொல்ல வேண்டுமே.

நான் எங்கெங்கோ மேடை ஏறிப் பேசுகிறவள். "வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள், உங்கள் வெட்கத்துக்குப் பிள்ளை விலை கொடுக்க வேண்டாம்" என்று பெற்றோர்களுக்குச் சொல்லுவேன். கை தட்டுவார்கள். என் ஆராய்ச்சியில் என் வீட்டுப் பிள்ளையையே தப்பான குழுவில் உட்கார வைத்தேன் என்பது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஏழு மாதம் கடத்தினேன். எழுதவே கூசுகிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஈதனைக் கூட்டிப் போ. பஸ்ஸில் யார் பார்த்தால் உனக்கென்ன? ரோஸியிடம் பொய் சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பகல் முழுக்க அவனோடு இருக்கிறவள் அவள். அவள் கண்ணில் எதுவுமே படவில்லையா?

ஷாலின்


வல்லக்கோட்டை
6 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் படிக்க ஆரம்பித்து, முடியாமல், கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்தேன். சாம்பார் ஆறிப்போயிற்று. கடைசியில் ஒன்று கேட்டாயே, ரோஸி கண்ணில் எதுவும் படவில்லையா என்று. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பட்டது அக்கா. முதலில் அவள் கண்ணில்தான் பட்டது. ஈதன் முதல் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினோமே, எல்லாரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறோம், அவன் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் போனதும் ரோஸி என்னிடம், "புள்ள கூப்ட்டா திரும்ப மாட்டேன்றான்ங்க. எனக்கு இன்னாவோ போல கீது" என்றாள். "வாய மூடு, நல்ல நாளும் அதுவுமா" என்றேன். பிறகும் விடவில்லை. மாடி வீட்டு மஞ்சுளா மகனுக்கும் இவன் வயதுதான், அவன் காக்காவைக் காட்டுகிறான், இவன் காட்டவில்லை என்றாள். ஊரார் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்காதே என்று நான் சத்தம் போட்டேன்.

அதற்கப்புறம்தான் நீ ஆராய்ச்சிக்குக் கேட்டாய். ரோஸி சட்டென்று சரி என்றாள். எனக்கே ஆச்சரியம். ஊசி போடக் கூட்டிப் போனாலே கூடச் சேர்ந்து அழுகிறவள். உங்கள் ஆபீஸில், "பையன் வளர்ச்சியில் ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் அடங்கிவிட்டாள். அதையும் நீ தெரிந்துகொள். உன் குழுவைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஸ்கேன் எடுத்து வந்த பிறகு எனக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. அவள் எப்போது பேச ஆரம்பித்தாலும், "எங்க அக்கா மண்டைக்குள்ள பூந்தே பாத்துட்டா, அவளே ஒண்ணும் சொல்லல. நீ பெரிய டாக்டரா?" என்பேன். நீ சும்மா இருக்க இருக்க எனக்கு தைரியம். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்ததையே சர்டிபிகேட் மாதிரி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

போன சனிக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஈதனுக்கு ரசம் சாதம் ஊட்டி முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் ஸ்கேனுக்கு ஒத்துகினது எதுக்குனு நினைச்சீங்க? அண்ணி படிச்சவங்க, அவங்களாவது பாத்துட்டு சொல்லுவாங்கன்னுதான்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கம்பெனியில் கேட்டவர்களிடம் மச்சினிச்சிக்குப் பிரசவம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த பொய். அங்கே போய் நிற்க எனக்கு முகம் இல்லை. உன் மேல் இருந்த கோபமும் ஒழுங்காக இல்லை. அதைப் பிடித்துக்கொண்டாவது இருக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் போய்விட்டது.

ஜெபர்சன்


பெங்களூரு
14 ஜூலை 2025

ஜெபு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. "அவங்களாவது பாத்துட்டு சொல்லுவாங்கன்னுதான்." அந்தப் பெண் என்னை நம்பிப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். நான் அவளுக்கு என்ன செய்தேன்? அவளை அடக்க உனக்கு ஒரு தடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நடந்ததை எங்கள் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். குடும்பங்களோடு பேசும் பொறுப்பை இனி முழுக்க நிலா பார்த்துக்கொள்வாள். என் உறவுக்காரர்கள் யாரையும் இனிச் சேர்க்கக் கூடாது என்றும் எழுதினேன். படித்துவிட்டு எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். நிலா மட்டும்தான் நேராகக் கேட்டாள்: "மேடம், பையன் இப்போ எங்கேயாவது போறானா?" எனக்கே தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கூனிக் குறுகிப்போனேன்.

ரோஸிக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது, பதில் இல்லை. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை என்று தெரிகிறது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? நீயும் நானும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறோம். நான் கெட்டவள், இல்லை நான்தான் கெட்டவன் என்று போட்டி போடுகிறோம். இதில் ஈதனுக்கு ஒரு மாதம் போய்விட்டது. முகம் இல்லையாம்! சுங்குவார்சத்திரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? லீவு போடு. கிளம்பு. வாசலில் நிற்க வைத்தால் நில். துடைப்பத்தை எடுத்தால் வாங்கிக்கொள். அவள் அம்மா ஏதாவது சொன்னால் தலையைக் குனிந்துகொள். பிள்ளைக்கு வேண்டியதைப் பார்த்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து வெட்கப்படு, நானும் வந்து கூட உட்காருகிறேன்.

நானும் வர வேண்டும் என்றுதான் துடிக்கிறேன். ஆனால் அவள் கூப்பிடாமல் வர மாட்டேன். போன தடவை அவளைக் கேட்காமலே எல்லாம் முடிவு செய்தது போதும்.

ஷாலின்


சுங்குவார்சத்திரம்
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

போனேன். நீ சொன்ன மாதிரி துடைப்பம் எல்லாம் வரவில்லை. மாமியார் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். துடைப்பமே தேவலாம் என்று இருந்தது.

ரோஸி எனக்காகக் காத்திருக்கவில்லை. வந்த வாரத்திலேயே காஞ்சிபுரம் மையத்துக்குப் போய், பெயர் பதிந்து, பிள்ளையை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறாள். ஆட்டிசம் என்று அங்கே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டு வல்லக்கோட்டையில் உட்கார்ந்திருந்தபோது அவள் அதைத் தனியாகக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அங்கே ஒரு டீச்சரம்மா, என்னை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். "புள்ளைகிட்ட வித்தியாசம் இருக்குனு மொதல்ல யாரு கவனிச்சது?" என்று பொதுவாகக் கேட்டார்கள். ரோஸி ஈதன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வேறு பெற்றோர்கள். எனக்குக் காது சுட்டது. "இவதான் மேடம். மொத பொறந்த நாளப்பவே சொன்னா. நான்தான் அவ வாய அடைச்சிட்டேன்" என்றேன். டீச்சரம்மா தரையில் ஒரு பாயை இழுத்துப் போட்டார்கள். "சரி, கீழ உக்காருங்க, அவன் உயரத்துக்கு" என்றார்கள். உட்கார்ந்தேன். ஈதன் என்னைப் பார்க்கவில்லை. ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். நானும் ஒரு மூடியை எடுத்துச் சுழற்றினேன். என்னுடையது சீக்கிரம் விழுந்துவிட்டது. அவனுடையது நிற்கவில்லை. கெட்டிக்காரன்தான் அக்கா.

நாகப்பன் சாரிடம் நிரந்தரமாக ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுப்பா, பாத்துக்கலாம்" என்றார். முதல் தடவையாக "ஜெபர்சன்" என்று கூப்பிட்டார். லைனில் இப்போது எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். லோகேஷ் கண்ணைப் பார்ப்பதில்லை. அது எரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து ரோஸிக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் அவளுக்குத் தெரியாமல் எதுவும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கடைசியில் "ரோஸி நம் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அவளே அடித்துவிட்டாள். "அத நீங்க எப்படி எழுதலாம்?" என்று கேட்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து. நான் கை வைக்கவில்லை.

ஜெபர்சன்

அண்ணி, மன்னிக்கறது அப்பறம் பாத்துக்கலாம். அந்த மெஷின்ல புள்ள அசையக் கூடாதுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவையும் நான்தான் அவனை மடியில போட்டு தூங்க வெச்சி உங்க கைல குடுத்தேன். நீங்க அவன் தூங்கறப்ப மட்டும்தான் அவனப் பாத்துருக்கீங்க. முழிச்சிகினு இருக்கறப்ப வாங்க.